எம்டன் மூழ்கடித்த பெட்டிகளும் கெடிலக்கரையும்... ஊர்களுக்கு வைத்தியம் பார்த்த பேட்ரிக் கெடிஸின் கதை!

கடலூரில் சாயங்காலம் கொஞ்சம் நேரம் கிடைத்தால் வண்டி தானாகவே சில்வர் பீச் பக்கம் திரும்பிவிடும். தேவனாம்பட்டினத்தில் பைக்கை நிறுத்தி, மிளகாய்த்தூள் தூவின மாங்காய் வாங்கிக்கிட்டு, நேரா கடலைப் பார்த்து நின்னுடுவோம். பக்கத்திலேயே ஓர் ஆறு வந்து கடலில் சேருவதைக் கவனிக்கிறவர்கள் ரொம்பக் குறைவு. கெடிலம். மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவில் பாலத்து மேல தினமும் தாண்டுகிற அதே கெடிலம்தான். தேவாரத்தில் பாடப்பட்ட ஆறு. இன்னிக்கு ஊருக்குள் பல இடங்களில் அதைப் பார்த்தால் பாடத் தோணாது, மூக்கைப் பொத்திக்கத்தான் தோணும்.

இந்தக் கரைக்கு ஒரு விசித்திரமான பழைய கதை உண்டு. 1690-ல் சென்னை கவர்னராக இருந்த எலிஹு யேல், கிழக்கிந்திய கம்பெனிக்காக தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியர்களிடமிருந்து விலைக்கு வாங்கினார். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருக்கே, அதற்குப் பெயர் கொடுத்த அதே ஆள். கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் கம்பெனிக்கு? பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அவ்வளவும். சுட்டார்கள். குண்டு விழுந்த தூரம் வரைக்கும் இருந்த ஊர்கள் கம்பெனி கணக்கில் சேர்ந்தன. குண்டு உப்பலவாடி என்று இன்னிக்கும் ஒரு ஊர் பெயர் இருப்பது இதனால்தான் என்பார்கள். புனித டேவிட் கோட்டை என்று பேர் மாறிய அந்தக் கோட்டையின் மிச்சம் மீதி இப்பவும் ஆற்றோரத்தில் நிற்கிறது.

யோசிச்சுப் பாருங்க. ஓர் ஆற்றங்கரைக்கு எல்லை போட்ட முறை இது. மேப் கிடையாது, சர்வே கிடையாது, அங்கே குடியிருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. சிரிப்பா இருக்கலாம். ஆனா, முன்னூறு வருஷம் கழிச்சும் ஆற்றங்கரையை மேம்படுத்துறோம் என்று ஆரம்பிக்கிற பல திட்டங்களில் பீரங்கிக்குப் பதிலா ஜே.சி.பி வந்திருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். அகமதாபாத்தில் சபர்மதிக் கரையை அழகாக்கினார்கள். நடைபாதை நிஜமாவே அழகுதான். அதற்காகக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிளப்பப்பட்டன. சென்னையில் கூவம் கரையில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினோம். வேலை ஒரு மூலையில், வீடு இன்னொரு மூலையில்.

வேற வழியே இல்லையா என்று கேட்டால், இருக்கு என்று நூறு வருஷத்துக்கு முன்னாடியே தமிழ்நாட்டுத் தெருக்களில் நடந்து நடந்து காட்டிய ஒரு தாடிக்காரர் இருந்தார். பேர், பேட்ரிக் கெடிஸ். கெடிலத்துக்கும் கெடிஸுக்கும் எழுத்துப் பொருத்தம் தற்செயல். ஆனா, அவர் சொன்ன விஷயம் கெடிலத்துக்குக் கச்சிதமா பொருந்தும்.

ஆற்றைப் பார்த்து வளர்ந்த பையன்

1854 அக்டோபர் 2. ஸ்காட்லாந்தின் பேலட்டர் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா ராணுவக்காரர். கெடிஸ் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் பெர்த் நகரத்துக்குக் குடிபோனது. ஆஸ்திரேலியா பெர்த் இல்லை, ஸ்காட்லாந்து பெர்த். மலைச்சரிவில் வீடு, கீழே டே என்ற ஆறு. வீட்டுத் தோட்டத்தில் அப்பாவோடு உருளைக்கிழங்கு நடுவது, மலை ஏறுவது, மேலே நின்று ஊரையும் ஆற்றையும் ஒரே பார்வையில் பார்ப்பது. இதுதான் அவருடைய முதல் ஸ்கூல். பிற்காலத்தில் அவர் சொன்ன எல்லாத்துக்கும் விதை அந்த மலை மேல நின்ற பார்வையில் இருக்கு.

படிப்பு முடிஞ்சதும் ஒரு பேங்க்கில் உட்கார வெச்சாங்க. ஒன்றரை வருஷம் தாக்குப்பிடிச்சார். அப்புறம் தாவரவியல் படிக்க எடின்பரோ போனார். ஒரே வாரத்தில் பிடிக்காம ஓடி வந்துட்டார். லண்டனுக்குப் போய், டார்வினுக்காக ஊரெல்லாம் வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார். நன்றாகப் படித்தார். ஆனா, டிகிரி மட்டும் வாங்கவே இல்லை. கடைசி வரைக்கும் பேராசிரியராகவே வாழ்ந்த மனுஷன் கையில் ஒரு பட்டமும் கிடையாது!

1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போனார். அங்கே கண் பார்வை போச்சு. 25 வயசு, மைக்ராஸ்கோப்தான் வாழ்க்கை என்று இருந்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும்? வாரக்கணக்கில் இருட்டு அறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தார். சும்மா கிடக்காமல் ஜன்னல் சட்டங்களைக் கையால் தடவிக்கிட்டே இருந்தவருக்கு, அந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு விஷயத்தை வைத்துப் பார்த்தால் என்ன என்று தோணுச்சு. இடம், வேலை, மக்கள் என்று மூன்றையும் கட்டத்தில் போட்டு, ஒன்றுக்கொன்று எப்படித் தொடர்பு என்று யோசிக்கிற பழக்கம் அங்கிருந்து வந்தது. காகிதத்தை மடித்து மடித்துக் கட்டம் போட்டு யோசிப்பதை சாகும்வரை விடவில்லை. பார்வை மெல்லத் திரும்பியது. ஆனா, மணிக்கணக்கில் மைக்ராஸ்கோப் பார்க்கிற அளவுக்குக் கண் தாங்காது. செல்லைப் பார்க்க முடியாவிட்டால் என்ன, ஊரைப் பார்க்கலாமே என்று திரும்பினார்.

ஓ.டி-க்குக் குடிபோன புதுமணத் தம்பதி

கடலூரில் ஓ.டி, என்.டி என்று இரண்டு ஊர் இருக்கு இல்லையா? எடின்பரோவிலும் அப்படித்தான். ஓல்டு டவுன், நியூ டவுன். வசதியானவர்கள் எல்லாம் புது டவுனுக்குப் போயிட, பழைய டவுனின் உயரமான கல் கட்டடங்கள் நெருக்கடியான குடிசைப் பகுதி மாதிரி ஆயிடுச்சு. ஒரே ரூமில் ஒரு குடும்பம், மாடிப்படியில் குப்பை, தெருவில் சாக்கடை. நகரசபைக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: இடி.

1886-ல் கெடிஸ், ஆனா மார்ட்டன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். ஆனா, லிவர்பூல் வியாபாரியின் மகள், இசை படித்தவர். கொஞ்ச நாளிலேயே இரண்டு பேரும் புது டவுன் வசதியை விட்டுட்டு, பழைய டவுனில் ஜேம்ஸ் கோர்ட் என்ற அழுக்குப் பிடித்த முற்றத்தில் குடியேறினார்கள். அதுவும் முதல் குழந்தை பிறக்கிற சமயத்தில். சொந்தக்காரங்க என்ன பேசியிருப்பாங்கன்னு நம்ம ஊர் அனுபவத்தில் நீங்களே ஊகிச்சுக்கலாம்.

அங்கே போய் அவர் சொற்பொழிவு ஆற்றவில்லை. சுண்ணாம்பு வாளியைத் தூக்கினார். பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கிட்டு சுவருக்கு வெள்ளை அடித்தார். ஜன்னலில் பூத்தொட்டி வைத்தார். எல்லாத்தையும் இடிக்காமல், ரொம்ப மோசமான ஒன்றிரண்டு கட்டடங்களை மட்டும் எடுத்துவிட்டு, கிடைத்த காலி இடத்தில் காற்றும் வெயிலும் வர வழி செய்தார். அந்த இடுக்குகளில் குட்டித் தோட்டங்கள் போட்டார். காலியான வீடுகளை வாங்கி மாணவர் விடுதிகளாக மாற்றினார். அந்தப் பழைய டவுன் இன்னிக்கு உலகப் பாரம்பரியச் சின்னம். டூரிஸ்ட்டுகள் வரிசை கட்டி செல்ஃபி எடுக்கும் ராம்சே கார்டன் கட்டடங்கள் அவர் முயற்சியில் உருவானவை. கடன் மட்டும் அவர் தலையில் ஏறிக்கிட்டே போச்சு. கணக்கு வழக்கில் ஆள் ரொம்ப வீக். வீட்டுச் செலவைச் சமாளித்தது ஆனாதான்.

நடுவில் டண்டீ நகரக் கல்லூரியில் 1888 முதல் தாவரவியல் பேராசிரியர் வேலை. வருஷத்தில் ஒரு கோடைப் பருவம் மட்டும் பாடம் எடுத்தால் போதும். மீதி மாசமெல்லாம் ஊர் ஊராகச் சுற்றலாம். இந்த மாதிரி ஒரு வேலை நமக்கும் கிடைக்காதா என்று பெருமூச்சு விட்டுட்டு மேலே படிங்க.

1903-ல் டன்ஃபர்ம்லின் ஊரில் ஒரு வேலை வந்தது. எஃகுத் தொழிலில் கோடி கோடியாகச் சம்பாதித்த ஆண்ட்ரூ கார்னெகி, பிறந்த ஊருக்குப் பூங்காவும் பணமும் கொடுத்திருந்தார். திட்டம் போட கெடிஸைக் கூப்பிட்டார்கள். அவர் கவனித்த விஷயங்களில் ஒன்று, ஊரின் அழுக்கையெல்லாம் சுமந்துகொண்டு ஓடிய ஓடை. பூங்காவுக்கு முன்னால் ஓடையைச் சுத்தம் பண்ணணும், கரையோர வீடுகளையும் ஆலைகளையும் முடிந்தவரை பழுதுபார்த்து வெச்சுக்கணும் என்று தடிமனான ஒரு புத்தகமே எழுதிக் கொடுத்தார். டிரஸ்ட்காரர்கள் படித்துப் பார்த்து, இது ஆகாது என்று ஓரமாக வைத்துவிட்டார்கள். அவர் வாழ்க்கையில் இது பலமுறை நடந்திருக்கு.

எம்டன் செய்த வேலை

அடுத்ததுதான் நம்ம ஊர் சம்பந்தப்பட்ட கட்டம். கில்லாடியான ஆளை எம்டன் என்று பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. 2006-ல் பரத், நாசர் நடித்த படத்துக்கு முதலில் வைத்த பேரே எம்டன் மகன்தான். அந்த எம்டன், முதல் உலகப் போரில் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்துக்கு முன்னால் வந்து நின்று எண்ணெய் டேங்குகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. ஊரே பயந்து காலி பண்ண ஆரம்பித்தது.

அதே சமயத்தில், சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் கெடிஸ் இந்தியாவுக்குக் கிளம்பியிருந்தார். தன் வாழ்நாள் உழைப்பைப் பெட்டி பெட்டியாகக் கட்டி இன்னொரு கப்பலில் அனுப்பியிருந்தார். உலக நகரங்களின் வரைபடங்கள், படங்கள், மாதிரிகள் அடங்கிய ஒரு பெரிய கண்காட்சி. கப்பல் பேர், கிளான் கிராண்ட். அக்டோபரில் மினிக்காய் தீவுப் பக்கம் அந்தக் கப்பலை மடக்கியது எம்டன். ஆட்களை இறக்கிவிட்டு, கப்பலைக் கடலுக்கு அடியில் அனுப்பிவிட்டது. கெடிஸ் பல வருஷம் சேர்த்த அத்தனையும் அரபிக்கடலில் போச்சு. க்ளவுடில் பேக்கப் எடுத்து வைக்கிற காலமா அது?

அறுபது வயசு. இந்த இடத்தில் நாமெல்லாம் ரிட்டர்ன் டிக்கெட் போட்டிருப்போம். கெடிஸ் நண்பர்களுக்குக் கடிதம் எழுதி, லண்டனிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் திரும்பப் படங்களும் மேப்களும் சேர்க்கச் சொன்னார். 1915 ஜனவரியில், சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸில் கண்காட்சியைத் திறந்தேவிட்டார்கள். அப்பாவுக்குத் துணையாக மூத்த மகன் அலெஸ்டர் கூடவே நின்றான். படங்களை மாட்டியதில் அவன் கையும் உண்டு. இவனை ஞாபகம் வெச்சுக்கோங்க.

தஞ்சாவூர் சந்துகளில்

கண்காட்சியோடு விடவில்லை. தஞ்சாவூர், மதுரை, காஞ்சிபுரம், கோயம்புத்தூர், நாகப்பட்டினம் என்று மதராஸ் மாகாணத்து ஊர்களில் நடக்க ஆரம்பித்தார். நிஜமாவே நடை. காலையில் ஒரு மேப்பை எடுத்துக்கிட்டுக் கிளம்பினால் வெயில் ஏறும்வரை சந்து சந்தாகப் போவார். எந்த வீடு இடியிற நிலையில் இருக்கு, எது திண்ணையோடு திடமா நிற்குது, கிணறு எங்கே, வேப்பமரம் எங்கே, குட்டிக் கோயில் எங்கே, பெண்கள் உட்கார்ந்து பேசுகிற நிழல் எங்கே என்று எல்லாத்தையும் குறிச்சுக்குவார்.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் நெருக்கடி அதிகம் என்று, வீடுகளுக்குக் குறுக்கே நேர்நேராக ரோடு போட ஏற்கெனவே ஒரு திட்டம் தயாராக இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த திட்டம். கெடிஸ் அதே பகுதியை நடந்து பார்த்துட்டு, புது ரோடே தேவையில்லை என்றார். இருக்கிற சந்துகளைக் கொஞ்சம் அகலப்படுத்தி, ரொம்பச் சிதைந்த சில வீடுகளை மட்டும் எடுத்து, அங்கங்கே கிடக்கிற காலிமனைகளை இணைத்தால் சின்னச் சின்ன முற்றங்கள் கிடைக்கும். அதில் மரம் வைக்கலாம், எல்லா வீட்டுக்கும் காற்று வரும். செலவு பல மடங்கு குறைவு. வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் எண்ணிக்கையும் ரொம்பக் குறைவு.

இதற்கு அவர் வைத்த பேர் கன்சர்வேட்டிவ் சர்ஜரி. விரலில் சீழ் பிடித்தால் கையை வெட்டாமல் சீழை மட்டும் எடுக்கிற ஆபரேஷன். வைத்தியம் பார்க்கிறதுக்கு முன்னாடி நோயைக் கண்டுபிடி, திட்டம் போடுறதுக்கு முன்னாடி ஊரை நடந்து பார் என்பதுதான் அவருடைய மொத்தப் பாடமும். அவருடைய கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஏழைகளின் வீட்டை இடித்தால் நெருக்கடி தீராது. அவங்க பக்கத்துத் தெருவில் போய் இன்னும் நெருக்கமாகக் குடியேறுவார்கள், அங்கே வாடகை ஏறும், நோயும் கூடவே போகும். நகரம் முழுக்கப் பார்த்தால் நிலைமை முன்பைவிட மோசம்தான். நூறு வருஷம் கழிச்சும் இந்தக் கணக்கை நம்மால் தப்பு என்று சொல்ல முடியலை.

குளங்கள் விஷயத்திலும் ஒரு சண்டை. மலேரியா வருது, கொசு உற்பத்தியாகுது, அதனால் ஊர்க் குளங்களை மண் போட்டு மூடணும் என்று அந்தக் காலத்து சுகாதார அதிகாரிகள் சொன்னார்கள். கெடிஸ் பிடிவாதமாக எதிர்த்தார். குளத்தில் மீன் விடுங்க, வாத்து விடுங்க, கொசுப்புழுவை அதுங்க பார்த்துக்கும். குளம் போச்சுன்னா மழைத்தண்ணி எங்கே போகும், ஊர் எப்படிக் குளிரும் என்பது அவருடைய கேள்வி. 2015 மழையில் கடலூரும் சென்னையும் மிதந்தபோது இந்தக் கேள்விக்கு நமக்கு நல்லாவே பதில் தெரிஞ்சுது.

நம்ம கோயில் நகரங்களைப் பார்த்து அசந்துபோனார். தேரோடும் வீதிகளின் அகலம், அதைச் சுற்றி அடுக்கடுக்காக விரியும் தெருக்கள், நடுவில் தெப்பக்குளம். ஐரோப்பாவில் தேடிக்கிட்டிருந்த நகர அமைப்பு இங்கே ஏற்கெனவே இருக்கு என்று புரிந்தது. 1919-ல் கோயில் நகரங்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். இதற்கிடையில் அவர் கிளப்பிவிட்ட பேச்சு வீண்போகலை. 1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது.

குறிஞ்சியில் ஆரம்பித்து நெய்தலில் முடியும் படம்

கெடிஸ் வரைந்ததிலேயே பிரபலமான படம் ஒன்று உண்டு. ஒரு மலை, அதிலிருந்து இறங்கும் ஆறு, கடைசியில் கடல். மலையில் சுரங்கத் தொழிலாளியும் மரம் வெட்டுகிறவரும் வேட்டைக்காரரும், சரிவில் ஆடு மேய்ப்பவர், கீழே விவசாயி, கடற்கரையில் மீனவர். ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டு. ஓர் ஊரைப் புரிஞ்சுக்கணும்னா அந்த ஊரில் ஓடுகிற ஆறு எங்கே பிறந்து எந்த எந்த வேலைக்காரர்களைத் தாண்டி வருது என்று பார்க்கணும் என்பது இதன் அர்த்தம். ஸ்காட்லாந்து மலையையும் கடலையும் பார்த்து அவர் வரைந்தது இது. தமிழ் படித்த யாருக்கும் பார்த்த உடனே வேற ஒன்று ஞாபகம் வரும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல்! பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினோமே, அந்தத் திணைப் பட்டியல் ஒரு டவுன் பிளானிங் பாடம் என்று அப்போ யாரும் சொல்லலை.

கெடிலத்தை இந்தப் படத்தில் வைத்துப் பாருங்க. கள்ளக்குறிச்சிப் பக்கம் பிறந்து, பலாவும் முந்திரியும் விளைகிற பண்ருட்டி மண்ணைத் தொட்டு, திருவதிகை கோயிலை ஒட்டி, நெல் வயல்களைத் தாண்டி, கடலூர் நகரத்தின் சாக்கடையை வாங்கிக்கிட்டு, தேவனாம்பட்டினம் மீனவர்களிடம் வந்து சேருது. மேலே யார் என்ன கலந்தாலும் கடைசியில் அனுபவிக்கிறது கடற்கரைக்காரங்கதான். முகத்துவாரத்தில் மட்டும் கல் பதித்து விளக்கு போட்டால் ஆறு சரியாகாது என்பதற்கு இந்த ஒரு படம் போதும்.

1917

மகன் அலெஸ்டர் சென்னையிலிருந்து திரும்பிப் போய்ப் போரில் சேர்ந்துவிட்டான். பலூனில் மேலே போய் எதிரியின் நிலைகளைப் பார்த்து வரைகிற வேலை. சின்ன வயதில் அப்பா மலை மேல கூட்டிட்டுப் போய் ஊரைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்த பையன், அதே திறமையோடு போர்க்களத்துக்கு மேலே நின்றான். 1917 ஏப்ரலில் பிரான்ஸில் குண்டுச் சிதறல் பட்டு இறந்தான்.

செய்தி இந்தியாவுக்கு வந்தபோது ஆனா கடுமையான காய்ச்சலில் படுக்கையில் இருந்தார். கெடிஸ் அதைச் சொல்லவில்லை. மகனிடமிருந்து முன்பு வந்த பழைய கடிதங்களை எடுத்து, இப்போ வந்த மாதிரி மனைவிக்குப் படித்துக் காட்டினார். ஜூனில் ஆனா இறந்தார். மகன் இல்லை என்பது கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. ஒரே வசந்தத்தில் இரண்டு பேரும் போனார்கள். அறுபத்திரண்டு வயசில், சொந்த ஊரிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஒற்றையாக நின்றார் கெடிஸ்.

ஒருநாள் மகாராஜா

அதற்குப் பிறகுதான் அவருடைய பெரிய வேலை நடந்தது என்பது ஆச்சரியம். இந்தூர் மன்னர் துக்கோஜி ராவ் ஹோல்கர் தன் நகரத்துக்குத் திட்டம் போட அழைத்திருந்தார். ஊரில் பிளேக். கான், சரஸ்வதி என்ற இரண்டு ஆறுகள் ஊர் நடுவில் அழுக்கோடு ஓடிக்கொண்டிருந்தன. வழக்கம்போல மேப்போடு தெருவில் இறங்கினார் கெடிஸ். ஜனங்கள் ஓடினார்கள். பிளேக் கொண்டுவருகிற கிழட்டு வெள்ளைக்காரன் வந்துட்டான் என்று பேச்சு. மேப்போடு வருகிற அதிகாரி என்றால் வீடு போகும் என்பதுதான் அவங்க அனுபவம். அதில் தப்பும் சொல்ல முடியாது.

பயத்தை நோட்டீஸ் ஒட்டித் தீர்க்க முடியாது என்று கெடிஸுக்குத் தெரிந்தது. மன்னரிடம் போய், ஒரே ஒருநாள் நான் மகாராஜா மாதிரி அதிகாரம் பண்ணணும் என்று கேட்டார். மன்னருக்கும் நல்ல மனசு, ஓகே சொல்லிட்டார். ஊருக்குள் அறிவிப்பு போனது: வரும் தீபாவளிக்குப் பெரிய ஊர்வலம் வரும், எந்த வழியாகத் தெரியுமா? வழக்கமான வழியில் இல்லை. எந்தத் தெரு வீடுகளைப் பழுதுபார்த்து, வெள்ளையடித்து, ரொம்ப சுத்தமாக வைத்திருக்கோ, அந்தத் தெரு வழியாக வரும். குப்பையை அள்ள வண்டி இலவசம்.

ஊரே போட்டியில் இறங்கிடுச்சு. ஆயிரக்கணக்கான வண்டி குப்பை வெளியே போனது. எலிப் பொறிகள் நிரம்பின. தீபாவளி அன்னிக்கு யானை, குதிரை, ஒட்டகம் என்று ஊர்வலம். நடுவில் ராவணன் மாதிரி அரக்கர் பொம்மைகள். கூடவே அழுக்கு அரக்கன், பிரம்மாண்டமான பிளேக் எலி. பின்னாடி, புதுத் துணி உடுத்தி மாலை போட்டுக்கிட்டுத் துப்புரவுத் தொழிலாளர்கள், வர்ணம் அடித்த வண்டிகளோடு. கடைசியில் நகரத்தையே ஒரு தேவியாக அலங்கரித்துக் கொண்டுவந்தார்கள். அழுக்கையும் எலியையும் கொளுத்தினார்கள். வீடுகளில் வைக்கத் துளசிச் செடிகள் கொடுத்தார்கள். பிளேக் தணிந்தது. வயசானவர் மேல இருந்த பயம் போய், தெருவில் பார்த்தால் சிரித்துக் கும்பிட ஆரம்பித்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. மாலை போட்ட துப்புரவுத் தொழிலாளி மறுநாளும் அதே வேலைக்குத்தான் போனார். யார் அள்ளணும் என்று சாதி முடிவு செய்த அமைப்பை கெடிஸ் தொடவில்லை. மரியாதை கொடுத்தார், மாற்றவில்லை. சமஸ்தான மன்னர்களும் கவர்னர்களும் கூப்பிட்டு வேலை கொடுத்த மனிதருக்கு அந்த எல்லை இருந்தது.

1918-ல் இந்தூர் அறிக்கை இரண்டு பாகமாக வந்தது. அதில் ஆறுகளுக்குத்தான் பெரிய இடம். நிறைய பணம் கொட்டி, கழிவை எல்லாம் குழாயில் போட்டுக் கொண்டுபோய் ஒரு இடத்தில் கொட்டுகிற திட்டத்தை அவர் சந்தேகமாகப் பார்த்தார். கழிவு மண்ணுக்குப் போகட்டும், தோட்டத்துக்கு உரமாகட்டும், ஆற்றுக்கு மட்டும் வேண்டாம் என்றார். இரண்டு கரையிலும் தோட்டமும் நடைபாதையும் படித்துறையும். துணி துவைக்கிறவர்களுக்கும் குளிக்கிறவர்களுக்கும் அவங்கவங்க இடம். கரையை வேடிக்கை பார்க்கிற பூங்காவாக மட்டும் ஆக்காமல், அங்கே ஏற்கெனவே நடக்கிற வேலைகளுக்குச் சுத்தமான இடம் பண்ணிக் கொடுக்கிறதுதான் அவருக்கு மேம்பாடு. அறிக்கையில் பாதி நடந்தது, மீதி அலமாரியில் தூங்கியது. 2017-லிருந்து வருஷா வருஷம் நாட்டின் தூய்மையான நகரம் என்று இந்தூர் பேர் வாங்கினப்போ, அந்த எலி ஊர்வலத்தை நினைத்துக்கொண்டவர்கள் உண்டு.

1919-ல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் சமூகவியலுக்கு முதல் பேராசிரியரானார். தாகூர், ஜகதீஷ் சந்திர போஸ் இருவரும் நல்ல நண்பர்கள். போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதியதே கெடிஸ்தான். 1925-ல் டெல் அவிவ் நகரத்துக்குத் திட்டம் போட்டார். நேரில் பார்த்தவர்கள் சொல்கிற குறை ஒன்று உண்டு: பேசினால் வார்த்தைகள் தாடிக்குள்ளேயே போய்விடும், முன்வரிசைக்கே கேட்காது. எழுத்தும் அப்படித்தான், ஒரு வாக்கியத்தில் ஏறினால் இறங்க நேரமாகும். கடைசி வருஷங்களை பிரான்ஸின் மோன்பெலியே நகரத்தில், தானே கட்டிய கல்லூரியில் கழித்தார். 1932 ஏப்ரல் 17-ல் அங்கேயே இறந்தார்.

திரும்பவும் கெடிலக்கரை

2004 டிசம்பர் 26 காலை தேவனாம்பட்டினத்துக்குள் கடல் வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். அப்புறம் 2011-ல் தானே புயல், 2015-ல் வெள்ளம். ஒவ்வொரு முறையும் பாதுகாப்பு என்ற காரணத்தோடு கடலை விட்டு, ஆற்றை விட்டுத் தள்ளிப் போங்க என்ற பேச்சு வரும். காரணத்தில் நியாயம் இருக்கு. ஆனா, அலையின் நிறத்தைப் பார்த்துத் தொழிலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறவருக்கு, கடல் தெரியாத இடத்தில் வீடு கொடுத்தால் அவருடைய ஆபீஸைப் பூட்டிவிட்ட மாதிரி. படகு, வலை, மீன் காய வைக்கிற மணல், ஏலம் போடுகிற இடம் எல்லாம் சேர்ந்ததுதான் அவருக்கு வீடு. இடம், வேலை, மக்கள் மூன்றையும் பிரிக்க முடியாது என்று கெடிஸ் கட்டம் போட்டு மண்டையை உடைத்துக்கொண்டது இதைத்தான்.

நாளைக்கே யாராவது கெடிலக்கரையைச் சீரமைக்கிறேன் என்று வந்தால், கெடிஸ் கேட்டிருக்கக்கூடிய முதல் விஷயம் பட்ஜெட்டாக இருக்காது. முகத்துவாரத்திலிருந்து திருவதிகை வரைக்கும் கரையோரமாக ஒருமுறை நடந்தீங்களா என்பதாகத்தான் இருக்கும். எந்த எந்தக் கால்வாய் எங்கே கலக்குது, எந்தப் படித்துறை புதைஞ்சு கிடக்கு, மழைக்காலத்தில் தண்ணி எது வரைக்கும் ஏறும் என்பது அங்கே குடியிருக்கிற பாட்டிகளுக்கு அத்துப்படி. அந்த நடைக்கு ட்ரோன் ஷாட் ஈடாகாது.

தை மாசம் அஞ்சாம் தேதி இந்தப் பக்கம் வந்திருந்தால் ஆற்றுத் திருவிழா பார்த்திருப்பீங்க. தென்பெண்ணைக் கரையிலும் கெடிலக்கரையிலும் ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு வரும். மணலில் திடீர்க் கடைவீதி முளைக்கும். வளையல், பலூன், கரும்பு. அப்புறம் இந்த நாளில் மட்டும் குவியலாக வருகிற சுருளிக்கிழங்கு. வேக வைத்துத் தின்னால்தான் ஆற்றுக்குப் போய் வந்த மாதிரி என்பார் வீட்டில் அம்மா. காலையிலிருந்து இருட்டும்வரை ஆற்றுக்குள்ளேயே ஜனம் நிற்கும். இறங்குகிற பாதை எது, கார் எங்கே நிற்கணும், சாமி எந்த வழியாக வரணும், கடை எங்கே போடணும் என்று ஒருத்தரும் மேப் வரைந்து கொடுத்ததில்லை. எல்லாருக்கும் தெரியும்.